கலவையும் கலந்த முறையும்: இறப்பர் முதற் பல்பகுதியக் கலப்புவரை ஒரு வரலாற்று நோக்கு

கொழும்பிலிருந்து புறப்படும் ஏ4 நெடுஞ்சாலை அவிசாவளை, இரத்தினபுரி ஆகிய இறப்பர் நிலங்களை ஊடறுத்துச் சென்று, வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவ என்னும் ஊர்களைக் கடந்து பொத்துவிலிற் கடலைக் காண்கின்றது. அங்கிருந்து வடக்கே திரும்பி அக்கரைப்பற்று, கல்முனை வழியாக மட்டக்களப்பை அடைகின்றது. இவ்வொரு சாலையின் மேற்குப் பாதியில் இறப்பர்ப் பால் வடியும் மரம் நிற்கின்றது. கிழக்குப் பாதியில் வயலில் ஓடும் உழவு இயந்திரத்தின் டயரும், மீனவர் காலிற் கிடக்கும் செருப்பும், கரையிற் காயும் வலையும் கயிறும் கிடக்கின்றன. மரத்திலிருந்து டயருக்குச் செல்லும் வழி நேரே இச்சாலையில் அமைந்திருக்குமென எவரும் எண்ணக்கூடும். ஆயின், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக அவ்வழி கடல் கடந்து சென்று மீண்டும் கடல் கடந்தே வந்தது. இடையில் நிகழ்ந்த ஒரு செயல் இந்நாட்டில் நிகழாமையே அதற்குக் காரணமாகும். அச்செயல் கலத்தல் என்பதாம்.

பொருளாதார வரலாற்றை எழுதுவோர் மூலப்பொருளைப் பற்றி விரிவாகப் பேசுவர். சந்தையைப் பற்றியும் விலையைப் பற்றியும் பேசுவர். மூலப்பொருள் பண்டமாக மாறும் இடத்தை “உற்பத்தி” என்னும் ஒரு சொல்லாற் கடந்து செல்வர். அவ்விடத்தினுள்ளே புகுந்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கலைப்பீட மாணவர் ஒருவருக்கு இரசாயனத்தில் என்ன அலுவல் என்ற வினா எழலாம். ஒரு பொருளின் பண்பு, அதில் என்ன இருக்கின்றது என்பதனால் மட்டுமன்றி, அவை எவ்வாறு கலக்கப்பட்டன என்பதனாலும் தீர்மானிக்கப்படுகின்றது. ஆகவே கலக்கும் முறையை அறிந்தவர் யார், அறியாதவர் யார் என்பது வரலாற்று மாணவருக்கும் உரிய வினாவேயாம்.

கலத்தல் என்பது யாது?

எமது வீடுகளிற் பெருநாட் காலங்களிலே தொதல் கிண்டுவதைக் கண்டோர் இதனை எளிதில் உணர்வர். அரிசிமா, தேங்காய்ப்பால், சருக்கரை ஆகியன எல்லா வீடுகளிலும் அவையே. அளவும் ஏறக்குறைய ஒன்றே. எனினும் ஒரு வீட்டுத் தொதல் வழவழப்பாகவும் மற்றொரு வீட்டுத் தொதல் கட்டி தட்டியும் அமைகின்றது. மாவைக் கரைத்த விதம், பால் சேர்த்த வரிசை, நெருப்பின் அளவு, கிண்டிய கையின் வலு, இறக்கிய நேரம் ஆகியவற்றிலேதான் வேறுபாடு தங்கியுள்ளது.

இவ்வுதாரணத்தில் மூன்று கூறுகள் அடங்கியுள்ளன. முதலாவது, ஒரு பொருள் மற்றொன்றினுள் எங்கும் சமமாகப் பரவுதல். இரண்டாவது, கட்டியாக உள்ளது நுண்ணிய துகளாக உடைதல். எங்கும் பரவியும் உடையாத கட்டிகள் இருத்தல் கூடும். நன்கு உடைந்தும் ஓரிடத்திலேயே குவிந்திருத்தலும் கூடும். ஆகவே பரவுதல் வேறு, உடைதல் வேறு என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. மூன்றாவது, எதனை எப்போது சேர்ப்பது என்னும் வரிசை.

இனிப் பல்பகுதியம் என்பதனையும் ஒரு சொல்லில் விளக்குதல் நலம். ஒரே வகையான சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கிற் சங்கிலிபோற் கோக்கப்பட்டு உருவாகும் நெடிய மூலக்கூறே பல்பகுதியமாகும். இறப்பர், நைலோன், பொலியெதிலீன் ஆகியன யாவும் இவ்வினத்தைச் சேர்ந்தவை. இவற்றின் மூலக்கூறுகள் உண்மையில் நெடுஞ்சங்கிலிகளே என்னும் கருத்தை ஜேர்மனிய இரசாயனவியலாளர் ஹேர்மன் ஸ்ரோடிங்கர் 1920இல் முன்வைத்தார். அதற்கு நொபெல் பரிசு கிடைத்தது 1953இலாகும். அதற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே, இன்னதென்று அறியாமலே, தொழிலாளர் இச்சங்கிலிகளைக் கலக்கத் தொடங்கிவிட்டனர்.

பந்தும் செருப்பும்

கலக்கும் அறிவு ஐரோப்பாவிற் பிறந்ததன்று. மத்திய அமெரிக்காவின் தொல்குடிகள் கிறித்துவுக்கு முன் 1600 அளவிலேயே இறப்பர்ப் பந்துகளைச் செய்திருந்தனர். மரத்திலிருந்து வடித்த பாலுடன், இரவில் மலரும் ஒருவகை வெண்பூக் கொடியின் சாற்றைக் கலந்து அவர்கள் அதனை உறையச் செய்தனர். எருமைப் பாலில் உறைமோர் இட்டுத் தயிர் ஆக்கும் எமது பிரதேசத்தவர்க்கு இச்செய்கை புதுமையாகத் தோன்றாது.

மசச்சூசெட்ஸ் தொழினுட்ப நிறுவக ஆய்வாளர் இம்முறையை மீளச் செய்து பார்த்து 1999இலும் 2010இலும் முடிவுகளை வெளியிட்டனர். பாலும் சாறும் சம அளவிற் கலந்தபோது துள்ளும் தன்மை மிக்க இறப்பர் கிடைத்தது; அது பந்துக்கு உகந்தது. பால் மூன்று பங்கும் சாறு ஒரு பங்குமாகக் கலந்தபோது தேய்மானத்தைத் தாங்கும் இறப்பர் கிடைத்தது; அது செருப்புக்கு உகந்தது. வேண்டிய பண்புக்கேற்பக் கலவையை மாற்றும் அறிவு எழுத்தாய்வுகூடம் எதுவுமின்றியே அம்மக்களிடம் இருந்திருக்கக்கூடும் என்பதை இது காட்டுகின்றது. ஸ்பானியர் படையெடுப்பின் பின்னர் அவ்வறிவு மறைந்தது. பொருள் மட்டும் ஐரோப்பாவுக்குச் சென்றது.

ஊறுகாய்ப் பொறி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே இலண்டனில் தொமஸ் ஹான்கொக் என்பவர் இறப்பர்ப் பட்டிகளை வெட்டி விற்றுவந்தார். வெட்டியபின் எஞ்சிய துண்டுகள் வீணாயின. அவற்றை நறுக்கிச் சிறிதாக்கும் நோக்கத்துடன் 1820 அளவில் ஒரு பொறியை அமைத்தார். பற்கள் பதித்த உருளை ஒன்று, பற்கள் பதித்த மற்றொரு குழலினுள்ளே சுழலும் எளிய பொறி அது. துண்டுகள் நறுங்குமென எதிர்பார்த்தவருக்கு வியப்பே எஞ்சியது. நறுங்குவதற்கு மாறாக, அவை சூடேறி ஒன்றாய்ப் பிசைந்து, ஒரே திரளாக வெளிவந்தன. அத்திரள் முன்னையதிலும் மென்மையானதாகவும், வேண்டிய வடிவில் அமையக்கூடியதாகவும், தூள்களை ஏற்றுக்கொள்ளக்கூடியதாகவும் இருந்தது.

ஹான்கொக் இதற்கு உடனே காப்புரிமை பெறவில்லை. காப்புரிமை பெற்றால் முறையை எழுத்தில் வெளியிட நேரும்; ஆகையாற் பொறிக்கு “ஊறுகாய்” என்னும் பொருள்படும் பெயரைச் சூட்டி, அதன் உண்மைப் பணியைப் பிறர் அறியாதவாறு மறைத்துவைத்தார். அதனைக் காப்புரிமையாற் காத்துக்கொண்டது 1837இலேயாகும். கைத்தொழில் வரலாற்றில் இச்செய்தி சிறிதெனினும் பொருள் பொதிந்தது. இறப்பர் என்பது சந்தையில் எவரும் வாங்கக்கூடிய பொருள். அதனைப் பிசையும் முறையே மறைக்கவேண்டிய செல்வமாகக் கருதப்பட்டது.

பிசைதலால் நிகழ்ந்தது யாதென இன்று அறிவோம். பொறியின் இழுவிசையால் நெடுஞ்சங்கிலிகள் அறுகின்றன. அறுந்த முனைகளைக் காற்றிலுள்ள ஒட்சிசன் பற்றிக்கொள்வதால் அவை மீண்டும் இணைவதில்லை. சங்கிலி குறுகவே திரள் இளகுகின்றது. அஃதாவது, கலத்தல் என்னும் செயல் கலக்கப்படும் பொருளையே மாற்றிவிடுகின்றது.

1836இல் அமெரிக்காவின் றொக்ஸ்பரி என்னும் இடத்தில் எட்வின் சஃபி என்பவர் மற்றொரு பொறிக்குக் காப்புரிமை பெற்றார். வெப்பமூட்டிய உருளைகள் வெவ்வேறு வேகத்திற் சுழல, அவற்றின் இடுக்கில் இறப்பர் நசுங்கி, இழுபட்டு, தூள்களை உள்வாங்கியது. கரைப்பான் இன்றியே இறப்பரைப் பிற பொருள்களுடன் கலக்கும் வழி இதனாற் பிறந்தது. அதன்பின் சாள்ஸ் குட்இயர் 1839இல் இறப்பரையும் கந்தகத்தையும் சேர்த்துச் சூடாக்கினால் அது கோடையில் உருகாது, குளிரில் உடையாது நிலைபெறும் என்பதைக் கண்டார். கந்தகம் சங்கிலிகளுக்கிடையே பாலம் அமைப்பதே அதன் காரணமாகும். இதனை வல்கனைசுப்படுத்தல் என்பர். கந்தகம் எங்கும் சமமாகப் பரவினாலன்றிப் பாலங்களும் சமமாக அமையா. ஆகவே குட்இயரின் கண்டுபிடிப்பும் சஃபியின் உருளைகளைச் சார்ந்தே பயன்பட்டது எனலாம்.

இரு பல்பகுதியங்களை ஒன்றோடொன்று கலக்கும் முயற்சியும் இக்காலத்திலேயே தோன்றியது. 1846இல் அலெக்சாந்தர் பாக்ஸ் என்ற ஆங்கிலேயர் இறப்பரையும் மலாயக் காட்டு மரங்களின் பாலிலிருந்து பெறப்படும் கட்டாபேர்ச்சாவையும் கலப்பதற்குக் காப்புரிமை பெற்றார். இவ்விரண்டும் ஒரே சிறு மூலக்கூறின் கோவைகளே. கோத்த விதத்திலுள்ள வேற்றுமையால் ஒன்று இழுபடுவதாகவும் மற்றது தோல்போல் விறைப்பானதாகவும் உள்ளது. இரண்டையும் வேண்டிய அளவிற் கலந்து இடைப்பட்ட பண்புகளைப் பெற அவர் முயன்றார். இன்றைய பல்பகுதியக் கலப்புகளின் வரலாற்றை இங்கிருந்தே தொடங்குவர்.

மரம் இங்கே, கலவை அங்கே

1876இல் ஹென்றி விக்காம் பிறேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகளை இங்கிலாந்தின் கியூ தாவரவியற் பூங்காவுக்குக் கொண்டு சேர்த்தார். முளைத்த கன்றுகளில் 1,919 அவ்வாண்டிலேயே இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பகாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொடப் பூங்காவில் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது தென்மேற்குத் தாழ்நாட்டின் பெரும்பரப்பை இறப்பர் மரங்கள் மூடத் தொடங்கின.

1909இல் களுத்துறை மாவட்டத் தோட்டக்காரர் சிலர் ஒன்றுகூடி இறப்பர்ப் பாலை உறையச் செய்தல் பற்றி ஆராய ஓர் இரசாயனவியலாளரை அமர்த்தினர். இன்றைய இறப்பர் ஆராய்ச்சி நிறுவகத்தின் வரலாறு அதிலிருந்தே தொடங்குகின்றது. உலகின் மிகப் பழைய இறப்பர் ஆராய்ச்சி நிறுவகம் இதுவே என்பர். இந்த ஆய்வு எதைப்பற்றியது என்பது கவனிக்கற்பாலது. பாலை உறைய வைத்தலும், தாளாக்கிப் புகையூட்டலும், வெளிறிய கிரேப் ஆக்கலுமே தோட்டங்களின் தேவையாயிருந்தன. அதற்குமேல் நிகழவேண்டிய கலத்தல் இலண்டனிலும் மஞ்செஸ்ரரிலும் அக்ரனிலும் நிகழ்ந்தது.

குடியேற்றநாட்டுப் பொருளாதாரம் என்று நூல்களிற் படிப்பதன் நுட்பமான வடிவம் இதுவேயாம். நிலமும் உழைப்பும் மரமும் எமதாயிருந்தன. கலக்கும் பொறியும் கலவைக் குறிப்பும் பிறரதாயிருந்தன. சுதந்திரத்தின் பின்னரும் இந்நிலை உடனே மாறவில்லை. 1952இல் சீனாவுடன் செய்துகொண்ட புகழ்பெற்ற ஒப்பந்தத்தின்படி ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பரை அனுப்பி 270,000 தொன் அரிசியைப் பெற உடன்பட்டோம். அரிசித் தட்டுப்பாட்டுக் காலத்தில் அது நாட்டைக் காத்த ஒப்பந்தமென்பதில் ஐயமில்லை. ஆயினும், கப்பலேறியது கலவாத இறப்பரே. சோவியத் ஒன்றியத்தின் உதவியுடன் 1960களில் களனியில் அமைக்கப்பட்ட டயர்த் தொழிற்சாலையே கலத்தலைப் பேரளவில் இந்நாட்டுக்குக் கொணர்ந்த முயற்சிகளில் முதன்மையானது.

கரி கலந்த காலம்

ஆதியில் மோட்டார் வாகன டயர்கள் வெளிறிய நிறமுடையனவாயிருந்தன. 1904 அளவில் இங்கிலாந்தின் சில்வர்டவுன் தொழிற்சாலையில், காபன் கரித்தூள் சேர்த்தால் இறப்பரின் வலிமை பெரிதும் உயர்கின்றது என்பது கண்டறியப்பட்டது. அடுத்த பத்தாண்டுகளில் டயர்கள் கறுத்தன. அவற்றின் ஆயுளும் பன்மடங்காயிற்று.

ஆயின் கரியைக் கலத்தல் எளிதன்று. அதன் அடிப்படைத் துகள்கள் மிக நுண்ணியன. அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரள்களாகவே தூளில் இருக்கும். திரள் உடையாமல் இறப்பரினுள் எஞ்சினால், அவ்விடத்திலிருந்தே வெடிப்புத் தொடங்கும். ஒரே அளவு கரி சேர்த்த இரு டயர்களில் ஒன்று நெடுநாள் ஓடுவதும் மற்றது விரைவில் வெடிப்பதும் இதனால் நேரலாம்.

திறந்த உருளைகளில் இவ்வேலை மெதுவாகவும் தூசு பறக்கவும் நடந்தது. 1916இல் ஃபேர்ன்லி பான்பரி மூடிய அறையினுள் இரு சுழலிகள் பிசையும் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். மேலிருந்து ஓர் அமுக்கி கலவையைச் சுழலிகளின்மேல் அழுத்திக்கொண்டிருக்கும். பான்பரி முன்னர்ப் பணியாற்றிய வேர்ணர்–பிளைடரர் நிறுவனம் பாண் மாவைப் பிசையும் பொறிகளுக்குப் பெயர்பெற்றது. வெதுப்பகத்தின் பொறி டயர்த் தொழிற்சாலையின் பொறியாக வளர்ந்தமை தொழினுட்ப வரலாற்றின் சுவையான கிளைக்கதையாகும். இன்றும் பான்பரியின் பெயராலேயே அவ்வினப் பொறிகளைத் தொழிலாளர் அழைக்கின்றனர்.

பொறியுடன் வரிசையின் முக்கியத்துவமும் தெளிவாயிற்று. எண்ணெயை முந்திச் சேர்த்தால் இறப்பர் இளகி, கரித்திரளை உடைக்கும் வலுவை இழக்கும். ஆகவே கரி முதலிலும் எண்ணெய் பின்னரும் சேர்க்கப்படும். கந்தகமும் விரைவாக்கிகளும், முதற் கலவை ஆறியபின், குறைந்த வெப்பநிலையிற் கடைசியாகவே சேர்க்கப்படும். முந்திச் சேர்த்தாற் பொறியினுள்ளேயே இறப்பர் வெந்துவிடும். டயரின் பக்கச் சுவருக்கு இயற்கை இறப்பரையும் பொலிபியூற்றடையீன் என்னும் செயற்கை இறப்பரையும் கலப்பர். கரி இவற்றுட் பின்னதையே அதிகம் நாடுகின்றது. ஆயினும் முதலில் இயற்கை இறப்பருடன் கரியைப் பிசைந்து, பின்னர் மற்றதைச் சேர்த்தால், பெரும்பகுதி முதலிற் சேர்ந்த இடத்திலேயே தங்கிவிடும். எடை பார்த்தால் இரு கலவைகளும் ஒன்றே. உள்ளமைப்பாலோ அவை இருவேறு பொருள்களாகும்.

கலவாமை என்னும் விதி

1930களின் பின் செயற்கைப் பல்பகுதியங்கள் ஒவ்வொன்றாய்ப் பெருகின. இரண்டு நல்ல பொருள்களைக் கலந்தால் இரண்டின் நலனும் சேர்ந்த மூன்றாவது பொருள் கிடைக்குமென்பது இயல்பான எதிர்பார்ப்பு. பெரும்பாலும் அவ்வாறு நிகழவில்லை. 1941–42 காலத்தில் போல் ஃபுளொறியும் மோரிஸ் ஹகின்சும் தனித்தனியே இதன் காரணத்தை வெப்பவியக்கவியலால் விளக்கினர். சிறு மூலக்கூறுகள் கலக்கும்போது அவை அமையக்கூடிய ஒழுங்குகள் மிகப் பெருகுகின்றன. அப்பெருக்கமே அவற்றைக் கலக்கத் தூண்டுகின்றது. நெடுஞ்சங்கிலியிலோ ஒவ்வோர் உறுப்பும் அயல் உறுப்போடு பிணைக்கப்பட்டுள்ளது. கலப்பதனாற் கிடைக்கும் சுதந்திரம் சொற்பம். ஆகவே சிறிதளவு வெறுப்பு இருப்பினும் இரு பல்பகுதியங்கள் பிரிந்தே நிற்கும்.

எனவே பெரும்பாலான பல்பகுதியக் கலப்புகள் ஒன்றினுள் மற்றொன்று துளிகளாகவோ, நார்களாகவோ, தகடுகளாகவோ பரவி நிற்கும் அமைப்புகளேயாம். துளி எவ்வளவு சிறியது, எல்லையில் எவ்வளவு ஒட்டியுள்ளது, கடலாக நிற்பது எது, தீவாக நிற்பது எது என்பன இயற்கையால் மட்டும் தீர்வதில்லை. கலப்பவரின் கையிலும் அவை தங்கியுள்ளன.

துளி உடையும் விதம்

இவ்வினாவுக்கு அடிகோலியவர் பல்பகுதியங்களைக் கருதாத ஒருவர். கேம்பிரிட்ஜ் அறிஞர் ஜெப்ரி இங்கிராம் ரெயிலர் 1934இல் ஒரு திரவத்துளி மற்றொரு திரவத்தின் ஓட்டத்தில் எவ்வாறு உருக்குலைகின்றது என்பதைச் சோதனையாற் காட்டினார். தயிரின்மேல் ஊற்றும் பாணியை ஒத்த சீனிப்பாகும் எண்ணெயுமே அவர்தம் பொருள்கள். துளியை இழுத்து நீட்டுவது ஓட்டத்தின் பிசுக்கு விசை. துளியை உருண்டையாக வைத்திருக்க முயல்வது எல்லையின் இழுவிசை. முன்னது மிகுந்தால் துளி உடையும். ஆனால், துளி சூழ்ந்த திரவத்தைவிட மிகத் தடித்ததாயின், படைமேற் படை வழுக்கும் ஓட்டத்தில் அது உடையாமற் சுழன்றுகொண்டேயிருக்கும். பிற்காலச் சோதனைகள் இவ்வெல்லையை ஏறத்தாழ நான்கு மடங்கெனக் காட்டின. இழுத்து நீட்டும் ஓட்டத்திலோ அத்துளியும் உடையும். ஆகவே வேகமாகக் கலக்குவதே நன்றாகக் கலக்குவதாகாது. எவ்வகை ஓட்டத்தை உண்டாக்கும் பொறி என்பதே முதன்மையானது.

1991இல் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்கொட், மக்கோஸ்கோ என்போர், உருகும் முதற் கணங்களிலேயே பெரும் மாற்றம் முடிந்துவிடுவதைக் கண்டனர். உருகும் குறுணி முதலில் மெல்லிய தகடாக இழுபடுகின்றது; தகட்டில் துளைகள் தோன்றுகின்றன; துளைகள் பெருகி வலைபோலாகி, வலை அறுந்து துளிகளாகின்றது. கல்முனைக் கடைத்தெருவில் வீச்சு ரொட்டி போடுபவர் மாவை வீசி விரிக்கையில் நடுவிற் பொத்தல் விழுவதைப் பார்த்தோர் முதல் இரு படிகளையும் கண்ணாற் கண்டவராவர்.

ஒரே சேர்க்கை, இருவேறு பொருள்

கலந்த முறையே பண்பை ஆக்கும் என்பதற்கு பொலிஸ்ரைரீனின் வரலாற்றினும் தெளிவான சான்று அரிது. பொலிஸ்ரைரீன் பளபளப்பானது, ஆனால் எளிதில் உடைவது. அதில் இறப்பரைச் சேர்த்து உறுதியாக்கலாமென்று கருதியவர் பலர். உருளைகளிடை இரண்டையும் பிசைந்தபோது கிடைத்த பயன் குறைவே. ரஷ்யாவிற் பிறந்து அமெரிக்காவிற் பணியாற்றிய இவான் ஒஸ்ரோமிஸ்லென்ஸ்கி வேறொரு வழியை நாடினார். ஸ்ரைரீன் திரவத்தில் இறப்பரைக் கரைத்து, அக்கரைசலையே பல்பகுதியமாக மாற்றுவதற்கு 1927இற் காப்புரிமை பெற்றார். கரைசல் அசையாது வைக்கப்பட்டதால் இறப்பர் வலைப்பின்னலாக எங்கும் தொடர்ந்து நின்றது. பொருள் உறுதியானதே; எனினும் உருக்கி வார்ப்பதற்கு இயலாததாயிற்று. அது சந்தையில் நிலைபெறவில்லை.

1950களின் தொடக்கத்தில் டவ் நிறுவனத்தின் ஜேம்ஸ் ஏமோசும் அவர்தம் கூட்டாளிகளும் அதே கரைசலைக் கலக்கிக்கொண்டே தாக்கமுறச் செய்தனர். தாக்கம் முன்னேற, பொலிஸ்ரைரீன் துளிகளாகப் பிரிந்து பெருகும். ஒரு கட்டத்தில், கலக்கும் விசையால் அமைப்புத் தலைகீழாகின்றது: அதுவரை கடலாயிருந்த இறப்பர் தீவாகவும், தீவாயிருந்த பொலிஸ்ரைரீன் கடலாகவும் மாறுகின்றன. தீவாகிய இறப்பர்த் துளி தன்னுள்ளும் சிறு பொலிஸ்ரைரீன் உருண்டைகளைச் சிறைப்பிடித்துக்கொள்கின்றது. இதனாற் சொற்ப இறப்பரே பெரும் பரப்பைக் காக்கும் வலுவைப் பெறுகின்றது. அடிபட்டவிடத்து எழும் நுண்வெடிப்புகளை இத்துளிகள் பல்கிப் பரவச் செய்து, ஒன்று பெரிதாகி உடையாதவாறு தடுக்கின்றன. யோகட் கிண்ணங்களிற் பல இவ்வினத்தன. அதனை மடிக்கும்போது வெண்மை தோன்றுதல் இந்நுண்வெடிப்புகளின் அடையாளமேயாகும்.

ஒஸ்ரோமிஸ்லென்ஸ்கியின் கரைசலுக்கும் ஏமோசின் கரைசலுக்கும் இடையே நின்ற கால் நூற்றாண்டை நிரப்பியது பெரும்பாலும் ஒரு கலக்கியின் சுழற்சியே.

இதன்பின் கலத்தலும் இரசாயனமும் ஒன்றாகின. 1970களில் டூபொன்ட் நிறுவனம், நைலோனுடன் தாக்கமுறும் கூட்டங்களை ஒட்டிய இறப்பரை இரட்டைத் திருகுப் பொறியிற் கலந்து, மிக உறுதியான நைலோனை ஆக்கியது. கலக்கும்போதே எல்லையில் இரண்டும் பிணைந்தமையாற் துளிகள் மீண்டும் ஒன்றுசேரவில்லை. பொலிபுறொப்பிலீனுடன் இறப்பரைப் பிசையும்போதே இறப்பரை வல்கனைசுப்படுத்தும் முறை 1960களிற் காப்புரிமை பெற்று, கோரன், பட்டேல் என்போரின் ஆய்வால் வளர்ந்து, 1981இல் மொன்சான்ரோ நிறுவனத்தின் சான்ரோபிறீன் என்னும் பண்டமாயிற்று. இறப்பர்போல் இழுபட்டு, பிளாஸ்ரிக்போல் மீண்டும் உருகும் பொருள் அது. கலத்தலை நிறுத்தியபின் வல்கனைசுப்படுத்தினால் அப்பண்பு கிட்டாது.

எமது கரையில்

இவ்வரலாற்றைப் பொத்துவிற் கரையில் நின்று நோக்குவோம். இந்நாட்டில் விளையும் இறப்பரின் பெரும்பகுதி இன்று இந்நாட்டிலேயே பண்டமாக்கப்படுகின்றது. திண்ம டயர்களும் கையுறைகளும் ஏற்றுமதியாகின்றன. 2007இன் பின் மொனராகலை மாவட்டச் சிறு உடைமையாளரிடையே இறப்பர்ச் செய்கை விரிவாக்கப்பட்டமையால், மரம் எமது ஊரின் மேற்கு வாயிலுக்கே வந்துவிட்டது. கலக்கும் அறிவு ஓரளவு கைவசமாயிற்று. ஆயினும் அது எமது கரையை இன்னும் முழுமையாக வந்தடையவில்லை.

அதன் சான்று மணலிலேயே கிடக்கின்றது. அறுகம்பை வளைவிற் கரையொதுங்கும் கழிவுகளை எடுத்துப் பாருங்கள். அறுந்த வலை நைலோன், கயிறு பொலிபுறொப்பிலீன், பை பொலியெதிலீன், தண்ணீர்ப் போத்தல் பெற் எனப்படும் பொலியெஸ்ரர். இவற்றைச் சேகரித்து உருக்கி ஒரு பலகையோ கதிரையோ செய்துவிட்டாற் சிக்கல் தீர்ந்ததென்று கூறுவோர் உளர். நல்லெண்ணம் பாராட்டற்குரியது, ஆனால் மேலே கண்ட வரலாறு வேறொன்றைக் கூறுகின்றது. பொலியெதிலீன் 110 முதல் 135 பாகை செல்சியசில் உருகும். பொலிபுறொப்பிலீன் 160 பாகையளவில். நைலோன் 220 அளவில். போத்தலின் பொலியெஸ்ரர் 250க்கும் மேல். கடைசியானது உருகும்வரை சூடேற்றினால் முதலானது சிதையத் தொடங்கும். குறைத்துச் சூடேற்றினால் கடைசியானது உருகாத கல்லாகவே நிற்கும். எல்லாம் உருகினும், ஃபுளொறியின் விதிப்படி அவை ஒன்றாவதில்லை. எல்லைகள் ஒட்டாத அப்பலகை அடிபட்டவுடன் பிளந்துவிடும்.

பொலியெதிலீனும் பொலிபுறொப்பிலீனும் பெயரால் உறவினர். குணத்தாலோ அவையும் பிரிந்தே நிற்பன. 2017இல் கோர்னெல், மினசோட்டாப் பல்கலைக்கழக ஆய்வாளர் இவ்விரண்டின் துண்டுகளையும் ஒரே சங்கிலியில் மாறிமாறிக் கோத்த ஒரு பல்பகுதியத்தை நூற்றுக்கு ஒரு பங்களவே சேர்த்து, நொறுங்கும் கலவையை உறுதியானதாக்கிக் காட்டினர். தையல் நூல்போல் அது எல்லையின் இருபுறத்தையும் தைத்துவிடுகின்றது.

ஆகவே எமது பிரதேசச் சபைகளும் தொழில் முனைவோரும் கழிவைச் சேர்ப்பதற்கு முன் பிரிப்பதைக் கற்றல்வேண்டும். அவ்வறிவின் முதற் பாடம் மீனவரிடமே உண்டு. நைலோன் வலை தாழும், பொலிபுறொப்பிலீன் கயிறு மிதக்கும் என்பதை அறியாத மீனவர் எவருமிலர். தண்ணீர்த் தொட்டி ஒன்றிற் கழிவுத் துண்டுகளை இட்டால், மிதக்கும் பொலியெதிலீனும் பொலிபுறொப்பிலீனும் ஒருபுறமும், தாழும் நைலோனும் பொலியெஸ்ரரும் மறுபுறமும் பிரிந்துவிடும். படகின் வெடிப்பை ஒட்டுவோரும் ஒன்றை அறிவர்: பசையுடன் இறுக்கியை அளவாகச் சேர்த்தும் சரிவரக் கலக்காவிடின், கலவாத இடம் இறுகாமற் பிசுபிசுத்தே கிடக்கும். ஆய்வுகூடத்து அறிவும் கரையோரத்து அறிவும் சந்திக்கவேண்டிய இடம் இதுவாகும்.

நிறைவாக

ஹான்கொக் தம் பொறிக்கு ஊறுகாய் எனப் பெயரிட்டு மறைத்து இரு நூற்றாண்டுகள் கடந்தன. அவர் மறைத்தது இறப்பரையன்று. அதனைப் பிசையும் முறையையே. எமக்கு வந்தது மரம்; வராதிருந்தது முறை. அந்த இடைவெளியின் விலையை இரப்பர் ஏற்றுமதிக்கும் டயர் இறக்குமதிக்கும் இடையிலான வேறுபாடாக எமது பாட்டன்மார் செலுத்தினர்.

இன்று அம்முறை பூட்டிய அறையினுள் இல்லை. நூல்களிலும் ஆய்வுகூடங்களிலும் திறந்து கிடக்கின்றது. அதனைத் தமிழில் விளக்கி, வகுப்பறைக்கும் கடற்கரைக்கும் கொண்டுசெல்வோர் குறைவு என்பதே இன்றைய தடை. அப்பணியில் விஞ்ஞானபீடத்தாருடன் கலைப்பீடத்தாரும் சேர்தல் வேண்டும். இரு பீடத்தாரும் ஒரே மண்டபத்தில் அமர்வதால் மட்டும் கலந்தவராகிவிடார். கலக்கும் முறையொன்று அங்கும் தேவைப்படும்.